ஊமைப்புள்ளி

"ஒரு கை பார்த்துடலாம்க்கா, கவலைப்படாதீங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்பது வாயாடிக்கு உறைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் சட்டைக் கைகள் இரண்டும் முழங்கைக்குச் சற்றுக் கீழே மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தன. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

துப்பறியும் ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவர் அவளுடைய முதலாளி. பதிலுக்கு, எதையாவது கிளறாமல் சும்மா இருக்கத் தெரியாத அந்த மனிதருக்கு அந்தக் கட்டடம் முழுக்க நோண்டி என்று பெயர் பரவியதற்கு அவள்தான் காரணம். அவர் இப்போது அவளை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

"பரவால்லம்மா" என்று அந்தப் பெண்ணே சிரித்தாள். "நாலு மாசமா இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் ஏதாவது இப்படிச் சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்குறாங்க. நேத்து ஒருத்தர், எனக்குக் கை ஓடல கால் ஓடலன்னார். உக்காருங்க."

காலை ஒன்பது மணி. அவளுடைய கணவன் அவளுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தான். அவள் வேலை பார்த்த அதே செருப்புத் தொழிற்சாலையில் மெக்கானிக். ஒவ்வொரு ஸ்பூனையும் முதலில் தன் கீழுதட்டில் தொட்டுச் சூடு பார்த்தான். இடது உள்ளங்கையை அவள் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, ஸ்பூனை நேராகக் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் சாய்த்துக் கொடுத்தான். வாயோரம் ஒட்டியதை ஸ்பூனின் ஓரத்தாலேயே வழித்துவிட்டான். அவள் வாய் திறப்பதும் அவன் கை போவதும் ஒரு துளி பிசகாமல் நடந்தது.

வீடும் அப்படித்தான். குழாய்களில் முழங்கையால் தள்ளுகிற மாதிரி நீளமான பிடிகள். கதவுகளில் அகலமான பட்டை. இழுப்பறைகளில் தோல் வளையம். ஃபிரிட்ஜைத் திறக்கக் காலடியில் ஒரு மிதி.

"இந்த மாதிரி ஒரு புருஷன் எந்தக் கடையில கிடைப்பார்னு சொல்லுங்க, நான் வரிசையில நிக்கிறேன்" என்றாள் வாயாடி. பேச்சை எப்படியாவது மீட்க வேண்டியிருந்தது.

நோண்டி கூடத்து மூலையில் நின்று, ஓர் அலமாரியின் பித்தளைக் குமிழை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பழைய சாமான் சார்" என்றான் மெக்கானிக்.

நோண்டி கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்கம்மா."

சொல்வதற்கு அதிகம் இல்லை. தோல் வெட்டும் பிரஸ், பத்தாவது இயந்திரம். அதை இறக்க இரண்டு பொத்தான்கள், ஓட்டுபவரின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் வெட்டும் தகடு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் தகட்டுக்கு அடியில் இருக்க முடியாது, அதற்காகத்தான். அன்றைக்கு மதியம் அவள் இரண்டு கைகளாலும் தோலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வலது முழங்கை பொத்தானில் பட்டது. இடது பொத்தானை யாரும் தொடவில்லை. தகடு இறங்கிவிட்டது.

"இடது பொத்தானை நான் டேப் போட்டு ஒட்டி வச்சிருந்தேன்னு கம்பெனி சொல்லுது. வேகமா ஓட்டணும்னு சிலபேர் அப்படிச் செய்வாங்க. நான் செஞ்சதில்ல." அவள் நிறுத்தினாள். "செஞ்சதில்லன்னுதான் நெனைக்கிறேன். இவர் சொல்றார், அந்த வலியில எனக்கு மறந்திருக்கும்னு."

"நான் அவளைக் குத்தம் சொல்லல சார்" என்றான் கணவன். "அங்க எல்லாரும் ஒட்டுவாங்க. இவளும் ஒட்டியிருப்பா. விட்டுடலாம்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா."

"நஷ்டஈடு வருதோ போகுதோ சார்" என்றாள் அவள். "என் கையை நானே போக்கிக்கிட்டேனா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும். நாலு மாசமா தூக்கத்துல கூட டேப் கிழிக்கிற சத்தம் கேக்குது."

விசாரணை அன்று மாலை மூன்று மணிக்கு. கம்பெனி தாக்கல் செய்திருந்த முக்கியச் சான்று ஒரே ஒரு தாள். பத்தாவது இயந்திரத்தை ஓட்டிய புரோகிராமிலிருந்து அச்செடுத்தது. அதில் இரண்டு வரிகளை மஞ்சள் பூசிக் காட்டியிருந்தார்கள்.

*வலது அழுந்தினால் இறங்கு*
*.இடது அழுந்தாவிட்டால் நில் 7/1*

"பாதுகாப்பு வரி தெளிவா எழுதியிருக்கு, அதனால தப்பு இயந்திரத்து மேல இல்லங்கறாங்க" என்றார் நோண்டி. "எனக்கு உறுத்தறது ரெண்டு. முன்னால ஒரு புள்ளி, பின்னால ஏழு கீழ ஒண்ணு. மத்த எந்த வரியிலயும் அது இல்ல."

"புள்ளி அச்சு மை தெறிச்சதா இருக்கும் சார். அது பக்க எண்ணா இருக்கும்" என்றான் மெக்கானிக். "எனக்கு அந்தப் பாஷை தெரியாது. நான் நட்டு போல்ட்டு ஆளு."

அதுதான் சிக்கல். அந்த இயந்திரங்களுக்கான கணினி மொழியைத் தொழிற்சாலையிலேயே ஒருவர் உருவாக்கியிருந்தார். எதிரே பேசுபவர் எழுவாயை விழுங்கினாலும் திருத்துகிற ஆசாமி என்பதால் அவருக்கு இலக்கணம் என்றே பெயர். உலகத்தில் வேறு எங்கும் அந்த மொழி இல்லை. எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று அவர் கையால் எழுதிய ஒரே ஒரு விளக்கப் புத்தகம்தான் உண்டு. பத்தாவது இயந்திரத்தைப் பிரித்து இரும்புக்குப் போட்டாகிவிட்டது. மற்ற இயந்திரங்களின் பக்கம் கம்பெனி யாரையும் விடவில்லை.

"இவங்க அந்தத் தாளை அனுப்பினதுலேர்ந்து மூணு நாளா நெட்டுல தேடிட்டேன் சார்" என்றாள் வாயாடி, வெளியே வந்து வண்டியில் ஏறியபோது. "செத்துப்போன பாஷைக்கெல்லாம் விளக்கம் கிடக்கு. இதுக்குத் தேடினா, வார் வச்ச செருப்பு வேணுமா, வார் இல்லாதது வேணுமான்னு கேக்குது."

"அப்ப பாஷையைப் பெத்தவர்கிட்டயே கேப்போம்."

"அவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாசம் ஆச்சாம் சார்."

"தெரியும். வண்டியை எடு."

இலக்கணம் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தார். வலப்பக்கம் முழுக்கத் தொங்கிவிட்டது. கண்கள் மட்டும் கூர்மையாக இருந்தன. அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்.

"ஐயா, அந்த மொழிக்கு நீங்க எழுதின புத்தகம் இருக்கா?" என்று கேட்டார் நோண்டி.

"சரி."

"யார்கிட்டயாவது கொடுத்தீங்களா?"

"சரி. சரி."

"எரிச்சுட்டாங்களா?"

"சரி" என்றார் இலக்கணம். அவர் கண்ணில் நீர் கோத்தது.

"எதுக்கும் மறுப்பே சொல்லாத மனுஷன்" என்று முணுமுணுத்தாள் வாயாடி. "மாப்பிள்ளையாக் கெடச்சா எந்த மாமியாரும் விட மாட்டாங்க."

அவருடைய மகள் திரும்பி அவளைப் பார்த்தாள். "நாப்பது வருஷம் ஒரு ஒற்றெழுத்து விட்டுப் போனாக்கூடச் சாப்பிட மாட்டார் எங்கப்பா. இப்ப உடம்பு வலிக்குதான்னு கேட்டாலும் சரி, வலிக்கலையான்னு கேட்டாலும் சரி. எனக்குச் சிரிப்பு வரலைங்க."

வாயாடி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நோண்டி அந்த அச்சுத் தாளை இலக்கணத்தின் மடியில் வைத்தார். கிழவர் படித்தார். இடது கை மெதுவாக எழுந்தது. கட்டை விரலை நாக்கில் ஈரப்படுத்தி, இரண்டாவது வரியின் முன்னால் இருந்த புள்ளியைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். தாள் அந்த இடத்தில் பஞ்சாகி ஓட்டை விழுந்தது. புள்ளி போனதும் விரலை வரியின் மேல் ஓட்டி, கடைசிச் சொல்லில் கொண்டுபோய்க் குத்தினார். *நில்.*

"சரி" என்றார். "சரி, சரி, சரி."

"புள்ளி இருந்தா அந்த வரி வேலை செய்யாது" என்றாள் வாயாடி மெதுவாக. "இது போதுமே சார்."

"நமக்குப் போதும். சரின்னு மட்டும் சொல்லத் தெரிஞ்ச சாட்சியைக் கம்பெனி வக்கீல் மூணே கேள்வில கோமாளியாக்கிடுவார். புத்தகம் வேணும்."

"புத்தகத்தை வாங்கிட்டுப் போய் மூணு மாசத்துக்கு மேல ஆச்சே" என்றாள் மகள். "கம்பெனிலேர்ந்து ஒருத்தர் வந்தார். இருமலா இருக்குன்னு முகத்தை மூடியிருந்தார். அப்பாவோட புத்தகம் மெஷின் ரிப்பேருக்கு வேணும்னார். கொடுத்துட்டேன்."

"ஆள் எப்படி இருந்தார்?"

"சரியாப் பாக்கலைங்க. நான் அப்ப அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தேன். எனக்கு போன் வந்துச்சு. நீங்க பேசுங்கம்மான்னு சொல்லி ஸ்பூனை அவர் வாங்கிக்கிட்டார். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. என்னைவிட நல்லா ஊட்டினார்."

நோண்டி நிமிர்ந்தார். "நல்லான்னா எப்படி?"

"நான் நேரா கொண்டுபோவேன், அப்பா பல்லுல இடிக்கும். அவர் தாடைக்குக் கீழ கையை வச்சுக்கிட்டு, ஸ்பூனைப் பக்கவாட்டுல சாய்ச்சுக் கொடுத்தார். கடைசில ஸ்பூன் ஓரத்தாலயே வாயைச் சுத்தமா வழிச்சு விட்டார். நர்ஸ் வேலை பாத்தவரான்னு கேட்டேன். சிரிச்சார்."

காலையில் பார்த்த ஸ்பூன் வாயாடிக்கு நினைவுக்கு வந்தது. அவள் நோண்டியைப் பார்த்தாள். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வண்டி பாதி தூரம் வந்திருந்தது.

"புத்தகத்தை இந்நேரம் எரிச்சிருப்பான் சார்" என்றாள் வாயாடி.

"மாட்டான். இலக்கணம் விழுந்து ஆறு மாசமாச்சு. மத்த இயந்திரங்கள் இன்னிக்கும் ஓடுது. ரிப்பேர் ஆனா யார் சரி பண்றது? பாஷையே தெரியாத நட்டு போல்ட்டு ஆளா? அவர் பக்கத்துல நின்னு புள்ளி வைக்கக் கத்துக்கிட்டான். மீதிக்குப் புத்தகம் வேணும். அதை எரிச்சா அவன் பிழைப்பும் சேர்ந்து எரியும்."

"அந்தக்கா முன்னாடி வேணாம் சார். அவரைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்போம்."

"நம்மளை வேலைக்கு வச்சது அவர் இல்ல. அந்தம்மா."

"இது கொடுமை சார்."

"ஆமா" என்றார் நோண்டி. "சிக்னல் விழுந்துடுச்சு, போ."

அவர்கள் திரும்பிவந்தபோது மணி ஒன்றரை. அவள் விசாரணைக்குத் தயாராக, தலை வாரிப் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிவிட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை. சீப்பு இன்னும் அவன் கையில் இருந்தது.

"கெடைச்சுதா சார்?" என்றாள் அவள்.

"கெடைக்கப் போகுது. அம்மா, அந்த மூலை அலமாரியை நீங்க கடைசியா எப்ப தொறந்தீங்க?"

அவள் குழம்பினாள். "கை போனதுக்கப்புறம் தொறந்ததில்ல. குமிழைத் திருகணுமே. என்னால முடியாது."

"குழாயை உங்களுக்காக மாத்தினார். கதவு, இழுப்பறை, ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் மாத்தினார். வீடு முழுக்க நீங்க தொறக்க முடியாதது ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதை மட்டும் ஏன் விட்டார்னு கேட்டிருக்கீங்களா?"

அவள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள், முதல் தடவை பார்ப்பவள் போல. பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"வாயாடி, திருகு" என்றார் நோண்டி.

குமிழ் சத்தமில்லாமல் திரும்பியது. நன்றாக எண்ணெய் போட்டிருந்தது. துணிகளுக்கு அடியில், பழுப்பு அட்டை போட்ட தடித்த நோட்டுப் புத்தகம். இயந்திர மசகு படிந்த விரல் தடங்கள் ஓரம் முழுவதும். நோண்டி பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் நின்று, சத்தமாகப் படித்தார்.

"'வரியின் முன்னால் வைக்கப்படும் புள்ளிக்கு ஊமைப்புள்ளி என்று பெயர். புள்ளி வைத்த வரி தாளில் இருக்கும், இயந்திரத்தின் காதில் விழாது. புள்ளி வைத்தவரின் எண் வரியின் முடிவில் தானாக விழும்.'" கடைசிப் பக்கத்துக்குப் போனார். "எண்களின் பட்டியல். ஏழு, மெக்கானிக்."

அவர் ஒரு விரலை இன்னும் பழைய பக்கத்திலேயே விட்டுவைத்திருந்ததை வாயாடி கவனித்தாள். ஏதோ மிச்சம் வைக்கிறார்.

மெக்கானிக் சீப்பைக் கீழே வைத்தான்.

"உனக்காகத்தான்ம்மா" என்றான் கணவன். "வேகத்துல கடைசில இருக்கிற மூணு பேரை வேலையை விட்டு அனுப்பப் போறதா சொன்னாங்க. நீ கடைசிக்கு முந்தினதுல இருந்த. இடது பொத்தானுக்குக் காத்திருக்காம ஓடினா உனக்குக் கொஞ்சம் வேகம் கெடைக்கும்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா பயப்படுவன்னு சொல்லல. ஒரு வாரத்துல எடுத்துடலாம்னுதான் வச்சேன்."

"வச்சது சரி" என்றாள் அவள். "அதை நான் மன்னிச்சிருப்பேன். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் உங்களைத்தானே கேட்டேன், நானா ஒட்டினேன்னு. நாலு மாசமா தெனம் கேட்டேன். இன்னிக்குக் காலையிலயும் கேட்டேன். வாயில ஸ்பூனை வச்சுக்கிட்டே சொன்னீங்களே, நீதான் ஒட்டியிருப்பன்னு."

"என்னை உள்ள வச்சுட்டா உன்னை யாரு பாத்துப்பா? அதை நெனச்சுத்தான்..."

"அந்தப் புத்தகத்தை எடுத்துக்குங்க" என்றாள். "விசாரணையில நீங்கதான் படிக்கணும். இங்க அந்தப் பாஷை தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

அவன் நோண்டியைப் பார்த்தான். யாராவது வேண்டாம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான் போலும். நோண்டி புத்தகத்தை அவன் கையில் கொடுத்தார்.

விசாரணை அறையில் நீண்ட மேஜை. ஒருபுறம் தொழிலாளர் துறை அதிகாரி, நரைத்த தலையுடன் ஓர் அம்மாள். மறுபுறம் கம்பெனி மேலாளரும் வக்கீலும். மெக்கானிக் நின்றுகொண்டு படித்தான். ஊமைப்புள்ளி என்ற சொல் வந்தபோது மேலாளர் தண்ணீர் குடித்தார். ஏழு யார் என்று அதிகாரி கேட்டபோது, "நான்தான்" என்றான் மெக்கானிக்.

கம்பெனி வக்கீலின் முகம் மலர்ந்தது. பேனாவை மூடி வைத்தார். "மேடம், விஷயம் முடிஞ்சுது. ஒரு ஊழியர் தன் மனைவிக்காகக் கம்பெனிக்குத் தெரியாம செஞ்ச வேலை. எங்களுக்கு இதுல பொறுப்பே இல்ல. டேப் விஷயத்தை வேணும்னா வாபஸ் வாங்கிக்கிறோம்."

வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள். புருஷனையும் கொடுத்தாகிவிட்டது, வழக்கும் போயிற்று.

"அந்தப் பக்கத்துல இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் நோண்டி, தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே. "வீட்டுல நான் படிக்கல. இங்க படிக்கட்டும்னு வச்சிருந்தேன்."

மெக்கானிக் பக்கத்தைப் பார்த்தான். படிக்காமல் மேலாளரைப் பார்த்தான்.

"படிங்க" என்றாள் மனைவி.

"'ஊமைப்புள்ளியை ஒருவர் தனியாக வைக்க முடியாது. அனுமதிப்பவர் தன் ரகசியச் சொல்லைத் தட்டினால்தான் புள்ளி நிற்கும். அவருடைய எண் சாய்கோட்டுக்குப் பின் விழும்.'"

அதிகாரி அச்சுத் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஏழு, கோடு, ஒண்ணு. ஒண்ணு யாரு?"

பட்டியலைப் புரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. மேலாளர் டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கம்பெனி தானே தாக்கல் செய்து, தானே மஞ்சள் பூசிய வரி அது.

"எனக்குத் தெரியாது, நீ பாத்துக்கன்னு சொல்லித்தான் மேனேஜர் தன் ரகசியச் சொல்லைத் தட்டினார் மேடம்" என்றான் மெக்கானிக். அவன் இப்போது யாரையும் பார்க்கவில்லை. "விபத்து நடந்த அன்னிக்கு, டேப்னு சொல்லிடு, ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்னு சொன்னதும் அவர்தான்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பொறுப்பு கம்பெனியுடையது என்று அதிகாரி குறிப்பெழுதினார். மேலாளரும் மெக்கானிக்கும் போலீஸ் வரும்வரை அறையை விட்டுப் போகக்கூடாது என்றார். எழுத்தர் வாக்குமூலத்தை அடித்து எடுத்துவந்து, அந்தப் பெண்ணின் முன்னால் வைத்து, பழக்க தோஷத்தில் கைநாட்டுக்கு மை ஒற்றும் பெட்டியையும் தள்ளினார். தள்ளிய பிறகுதான் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்று தடுமாறினார். "இந்த மாதிரி இருந்தா கணவர் சார்பாப் போடலாம். விதியில இடம் இருக்கு."

"பேனாவைக் கொடுங்க" என்றாள் அவள்.

எழுத்தர் நீட்டினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் வாயைத் திறந்தாள். பற்களுக்கிடையில் பேனாவை வாங்கிக்கொண்டு, நெற்றி மேஜையைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். முதல் எழுத்து பாதி வந்தது. எச்சில் நூலாக இறங்கித் தாளில் சொட்டியது. மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது எழுத்தில் பேனா நழுவி, மேஜையில் உருண்டு, தரையில் விழுந்தது.

மெக்கானிக் பாய்ந்து குனிந்தான்.

"நீங்க இல்ல" என்றாள் அவள்.

அவன் குனிந்தபடியே நின்றான், கை பேனாவுக்கு ஒரு விரல் தூரத்தில். அவள் காத்திருந்தாள். வாயாடி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள், பேனாவை எடுத்தாள், தன் சட்டை முனையில் துடைத்து அவள் பற்களுக்கிடையில் வைத்தாள்.

அந்தப் பெண் மறுபடியும் குனிந்து, மூன்றாவது எழுத்தை ஆரம்பித்தாள்.